பழைய லூகர் கைத்துப்பாக்கி: முத்திரைகளைப் படிப்பதும் மதிப்பைக் கணிப்பதும்

பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கி ஒன்றைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அதில் எந்த ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது, கழுகு இருக்கிறதா, சுவஸ்திகா இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளோடு மதிப்பீடு முடிந்துவிடுவது வழக்கம். ஆண்டு எவ்வளவு முந்தையதோ விலை அவ்வளவு கூடும் என்றும், கழுகு இருந்தால் அது ஓர் அதிகாரியின் கையில் இருந்தது என்றும் உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. இரண்டுமே பெரும்பாலும் தவறு. இத்தகைய துப்பாக்கியில் பத்துப் பதினைந்து இடங்களில் எழுத்துகளும் எண்களும் சின்னங்களும் இருக்கும். அவற்றில் எது கண்ணைப் பறிக்கிறது என்பதைப் பொறுத்தல்ல, அவை எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமைகிறது. எல்லா ஜெர்மன் துப்பாக்கிகளையும் ஒரே கட்டுரையில் அடக்க இயலாது என்பதால், மிகுதியாகப் பேசப்படுவதும் மிகுதியாகத் தவறாகப் படிக்கப்படுவதுமான லூகர் வகையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எந்தத் துப்பாக்கி இது?

ஹ்யூகோ போர்ஷார்ட் 1893-இல் உருவாக்கிய பருமனான ஒரு தானியங்கிக் கைத்துப்பாக்கியைக் கியோர்க் லூகர் சுருக்கிச் செம்மைப்படுத்தியதன் விளைவே இந்த வகை. சுவிட்சர்லாந்து 1900-இலும், ஜெர்மன் கடற்படை 1904-இலும், ஜெர்மன் தரைப்படை 1908-இலும் இதை ஏற்றுக்கொண்டன. தரைப்படை ஏற்ற ஆண்டைக் குறித்தே இதற்கு பி.08 என்ற பெயர் வந்தது. தரைப்படையின் வழக்கமான வடிவத்தில் குழலின் நீளம் 100 மில்லிமீட்டர். கடற்படை வடிவத்தில் 150. பீரங்கிப் படையினருக்கான வடிவத்தில் 200.

இதன் உச்சியில், சுடும்போது மேல்நோக்கி மடிந்து திறக்கும் இரு இரும்புத் துண்டுகள் உள்ளன. இவற்றை மடிப்பிணைப்பு என்று அழைப்போம். அதற்கு முன்னால், சுடப்படவிருக்கும் தோட்டா தங்கும் பகுதி தோட்டா அறை. கைப்பிடியும் விசையும் அமைந்த அடிப்பகுதி சட்டகம். முத்திரைகள் எங்கே உள்ளன என்று சொல்வதற்கு இந்த மூன்று சொற்களும் போதும்.

ஒரு பத்திரத்தைப் படிப்பது போல

நிலம் வாங்குகிறவர் பத்திரத்தில் உள்ள ஒரே ஒரு முத்திரையைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுப்பதில்லை. முத்திரைத்தாளின் தேதி, எழுதிக்கொடுத்தவரின் கையெழுத்து, சார்பதிவாளரின் முத்திரை, மூலப்பத்திரத்தின் எண், வில்லங்கச் சான்றில் உள்ள பதிவுகள் ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆளால், வெவ்வேறு நாளில், வெவ்வேறு தேவைக்காக இடப்பட்டவை. அவை ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருந்தால்தான் பத்திரம் செல்லும்; சர்வே எண் ஓரிடத்தில் மாறியிருந்தாலும் வழக்கறிஞர் முகம் சுளிப்பார்.

லூகரிலும் அவ்வாறே பலருடைய கைகள் பட்டிருக்கின்றன. செய்த தொழிற்சாலை தன் பெயரைப் பொறித்தது. அரசின் ஆய்வாளர் உறுப்புகளைப் பார்த்து ஏற்றதற்கு அடையாளம் இட்டார். அதிக அழுத்தமுள்ள தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்குகிறது என்று உறுதிசெய்தவர் இன்னொரு முத்திரை இட்டார். பெற்றுக்கொண்ட படைப்பிரிவு சில காலங்களில் தன் குறியைச் சேர்த்தது. பிற்காலத்தில் கைப்பற்றிய நாடும் இறக்குமதி செய்த வணிகரும் தங்கள் பங்குக்குச் சேர்த்தார்கள். ஒரு குறியை யார், எப்போது, எதற்காக இட்டார் என்று கேட்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

செய்தவர் யார்?

மடிப்பிணைப்பின் மேற்பரப்பில் செய்தவரின் அடையாளம் இருக்கும். முதல் உலகப் போர் வரையிலான துப்பாக்கிகளில், ஒன்றோடொன்று பின்னிய மூன்று அலங்கார எழுத்துகள் இருந்தால் அது பெர்லினைச் சேர்ந்த டி.டபிள்யூ.எம். நிறுவனம். கிரீடமும் அதன் கீழே எர்ஃபுர்ட் என்ற ஊர்ப்பெயரும் இருந்தால் அது பிரஷ்ய அரசின் சொந்தப் படைக்கலத் தொழிற்சாலை. எர்ஃபுர்ட் ஆய்வாளர்கள் சின்னஞ்சிறு உறுப்புகளில்கூட முத்திரை குத்தியவர்கள். அந்தத் துப்பாக்கியில் முத்திரைகள் மண்டிக் கிடப்பதைக் கண்டு அது ஏதோ சிறப்புப் பதிப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மன் படையை ஒரு இலட்சம் பேருக்குக் கட்டுப்படுத்தியபோது, படைக்கான வேலை சூல் நகரத்தின் சிம்சன் நிறுவனத்துக்குச் சென்றது. சிம்சன் யூதக் குடும்பத்தின் நிறுவனம். நாஜி ஆட்சி அதை அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டது. அவர்கள் செய்த லூகர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆகவே இன்று அவற்றைத் தேடுபவர்கள் அதிகம். 1930-இல் லூகர் செய்யும் இயந்திரங்கள் பெர்லினிலிருந்து ஓபர்ண்டார்ஃபில் உள்ள மவுசர் தொழிற்சாலைக்குப் போயின. வான்படைக்காகச் சூல் நகரத்தின் கிரீக்ஹாஃப் நிறுவனமும் சிறிய அளவில் செய்தது; அதுவும் அரியது.

ஒரே எண், இரு பொருள்

குழப்பம் தொடங்கும் இடம் மவுசர்தான். உடன்படிக்கையின் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் படைக்கான உற்பத்தியை மறைக்க விரும்பிய ஜெர்மனி, நிறுவனங்களின் பெயருக்குப் பதிலாகக் குறியீடுகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. மவுசருக்கு 1934 முதல் எஸ்/42 என்ற குறியீடு, பின்னர் 1939-இல் அது வெறும் 42 ஆயிற்று, 1941-இல் பி.ஒய்.எஃப். என்ற மூன்று சிறிய எழுத்துகளாக மாறியது. இவை எல்லாம் மடிப்பிணைப்பின் மேல் இருக்கும்.

செய்யப்பட்ட ஆண்டோ தோட்டா அறையின் மேல் இருக்கும். முதல் உலகப் போர்க்காலத்தில் அதை 1914, 1917 என்று நான்கு இலக்கத்தில் நேரடியாகப் பொறித்தார்கள். 1934-க்குக் கே என்ற எழுத்தையும், 1935-க்கு ஜி என்ற எழுத்தையும் மட்டும் இட்டு ஆண்டை மறைத்தார்கள். 1936 முதல் மீண்டும் நான்கு இலக்கம். 1941-லும் 1942-லும் கடைசி இரு இலக்கங்கள் மட்டும்.

இதனால் 42 என்ற எண் மடிப்பிணைப்பில் இருந்தால் மவுசர் என்று பொருள். தோட்டா அறையின் மேல் இருந்தால் 1942 என்று பொருள். தோட்டா அறையில் 41, மடிப்பிணைப்பில் 42 என்று இருக்கும் துப்பாக்கி, 1941-இல் குறியீடு மாறுவதற்கு முன் மவுசர் செய்தது. அதில் இரண்டு ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருப்பதாகப் படிப்பது தவறு. விற்பனை விளம்பரங்களில் இதை 1942-ஆம் ஆண்டுத் துப்பாக்கி என்று எழுதியிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

1920 என்ற எண் இன்னொரு பொறி. போர் முடிந்தபின், படையின் சொத்தாகக் கணக்கில் வைக்கப்பட்ட ஆயுதங்களில் அந்த எண்ணைக் குத்தினார்கள். ஆகவே 1917-க்கு மேலே 1920 இருந்தால் துப்பாக்கி 1917-இல் செய்யப்பட்டது. மற்றது இருப்புக் கணக்கின் அடையாளம். இதைச் சேகரிப்பாளர்கள் இரட்டை ஆண்டு என்று அழைக்கிறார்கள்.

இதுவரை சொன்னதைத் தொகுத்தால்: மடிப்பிணைப்பைப் பார்த்தால் செய்தவர் தெரியும், தோட்டா அறையின் மேற்பரப்பைப் பார்த்தால் ஆண்டு தெரியும், ஒரே எண்ணாக இருந்தாலும் அது நிற்கும் இடம்தான் பொருளை முடிவு செய்கிறது.

வரிசை எண் தனியாக எதையும் சொல்லாது

வரிசை எண் என்பது தொழிற்சாலை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அடுத்தடுத்து இட்ட எண். லூகரில் அது சட்டகத்தின் முன்பகுதியில் முழுமையாக இருக்கும். படைக்காகச் செய்தவற்றில் 1 முதல் 10,000 வரை எண்ணி முடித்ததும் ‘ஏ’ என்ற எழுத்தைச் சேர்த்து மீண்டும் 1-இலிருந்து தொடங்குவார்கள். அடுத்து ‘பி’, பின்னர் ‘சி’. புத்தாண்டு பிறந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. ஆக, 4215 என்ற எண்ணுள்ள லூகர்கள் பல உண்டு. எண், அதன் கீழே உள்ள எழுத்து, ஆண்டு, தொழிற்சாலை ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஒரு துப்பாக்கியைத் தனித்து அடையாளம் காண முடியும். எண்ணை மட்டும் சொல்லி விலை கேட்பவருக்கு நேர்மையான மதிப்பீட்டாளர் தரக்கூடிய விடை எதுவும் இல்லை.

நான்கும் தெரிந்துவிட்டால் வரிசை எண் வலிமையான சான்று. இந்திய வரலாற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு, அது லூகர் அல்ல, மவுசர் என்றாலும். 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவின் ரோடா என்ற ஆயுத வணிக நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்காளப் புரட்சியாளர்கள் கடத்திச் சென்றார்கள். ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணும் நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்ததால், பின்னாளில் பிடிபட்ட ஒரு மவுசர் அந்த ஐம்பதில் ஒன்றா இல்லையா என்று காவல்துறையால் சொல்ல முடிந்தது.

லூகரின் சிறு உறுப்புகளில் வரிசை எண்ணின் கடைசி இரு இலக்கங்கள் மட்டும் இருக்கும். விசை, பாதுகாப்பு நெம்புகோல், பக்கத் தகடு, மடிப்பிணைப்பின் துண்டுகள் என்று ஒவ்வொன்றிலும் 15 என்று கண்டால், அது முழு எண் 15-இல் முடியும் துப்பாக்கிக்காகவே கையால் பொருத்தப்பட்ட உறுப்பு என்று பொருள். அந்தக் காலத்தில் ஒரு துப்பாக்கியின் உறுப்பு இன்னொன்றில் சரியாக உட்காரும் என்ற உறுதி இல்லாததால் எண்ணிடுவது தேவையாயிற்று. படைக்கான துப்பாக்கிகளில் இவ்வெண்கள் வெளியே தெரியும்படியும், பொதுமக்களுக்கு விற்றவற்றில் பெரும்பாலும் உள்பக்கம் மறைந்தும் இருக்கும்.

கழுகுகளும் கிரீடங்களும்

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஏற்பு முத்திரை என்பது உறுப்பின் அளவும் தரமும் சரி என்று படைத்துறை ஆய்வாளர் இடுவது. சோதனை முத்திரை என்பது அழுத்தம் கூடிய தோட்டாவைச் சுட்டுப் பார்த்தபின் இடுவது. பேரரசர் காலத்தில் கிரீடத்தின் கீழ் ஓர் எழுத்து ஏற்பு முத்திரையாக இருந்தது. அதனுடன் பேரரசின் கழுகு சோதனை முத்திரையாக நின்றது. நாஜிக் காலத்தில் கழுகும் அதன் கீழே ஓர் எண்ணும் ஏற்பு முத்திரை ஆயின. அவ்வெண் எந்தத் தொழிற்சாலையின் ஆய்வாளர் குழு என்பதைக் காட்டும். மவுசரில் 63, 655, 135 ஆகிய எண்களைக் காணலாம். சோதனை முத்திரையில் கழுகு சுவஸ்திகாவைப் பற்றி நிற்கும்.

இவை தொழிற்சாலையில் வரிசையாக வைத்துக் குத்தப்பட்டவை. அந்தக் காலப் படைத் துப்பாக்கி எதிலும் அவை இருக்கும். கட்சிக்கோ உயர் அதிகாரிக்கோ உரியது என்பதற்கு அவை சான்றல்ல. சொல்லப்போனால், அவை இல்லாவிட்டால்தான் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும்.

பொதுமக்களுக்கு விற்ற துப்பாக்கிகளில் கிரீடத்தின் கீழ் ‘என்’ (N) என்ற ஆங்கில எழுத்து இருக்கும். 1940 முதல் கிரீடத்தின் இடத்தில் கழுகு வந்தது. இது வணிகச் சோதனை முத்திரை. அதைப் படையின் முத்திரையாக எண்ணி விலையைக் கூட்டுவதும் நடக்கிறது.

முத்திரை போலத் தோன்றும் பிற எழுத்துகள்

பாதுகாப்பு நெம்புகோலை ஒட்டி கெசிஷெர்ட் என்று எழுதியிருப்பதைச் செய்தவரின் பெயராகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கி பூட்டப்பட்டுள்ளது என்ற அறிவிப்பு அது. தோட்டா அறைக்குப் பின்னால் உள்ள சிறு நெம்பில் கெலாடன் என்ற சொல் எழுந்து தெரிந்தால் உள்ளே தோட்டா இருக்கிறது என்று பொருள். இதை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. குழலின் அடியில் 8,82 அல்லது அதை ஒட்டிய எண் இருந்தால், அது குழலின் உள்விட்டத்தை அளவுகோலால் பார்த்து மில்லிமீட்டரில் குறித்தது. அதைக் கண்டு இது அரியதொரு தோட்டா அளவு என்று மயங்க வேண்டாம், தோட்டா வழக்கமான 9 மில்லிமீட்டர்தான்.

ஜெர்மனி என்ற நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டது. இடப்பக்கத்தில் பெருக்கல் குறி போன்ற கீறல் முத்திரை இருந்தால் இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை கைப்பற்றியது. அங்கே பல துப்பாக்கிகளைக் கழற்றிக் கலந்து, மீண்டும் மெருகேற்றி அடுக்கினார்கள். அமெரிக்க இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் சிறு எழுத்தில் இருந்தால், அது பிற்காலத்தில் மொத்தமாக வந்த சரக்கு.

மதிப்பு எங்கே பிறக்கிறது?

லூகர்கள் இருபது இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. ஆகவே லூகர் என்பதனாலேயே அது அரிய பொருள் ஆகிவிடாது. சேகரிப்பாளர் முதலில் கேட்பது, எல்லா எண்களும் பொருந்துகின்றனவா என்பதையே. ஒரே ஓர் உறுப்பில் எண் மாறியிருந்தாலும் விலை சரியும். குழல் மாறியிருந்தால் நன்றாகவே சரியும். கைப்பிடிக்குள் செருகப்படும் தோட்டாக்கூட்டின் அடியில் உள்ள எண்ணும் பொருந்தினால் விலை மேலே ஏறும், ஏனெனில் தோட்டாக்கூடு கைமாறித் தொலைந்துபோகும் பொருள். படையினருக்கு இரண்டு தோட்டாக்கூடுகள் தரப்பட்டன. இரண்டாவதில் கூட்டல் குறி இருக்கும். அவ்விரண்டும் பொருந்தி, அதே காலத்துத் தோலுறையும் உடனிருந்தால் அது வேறு நிலையில் நிற்கும் பொருள்.

அடுத்தது மேற்பூச்சு. இரும்புக்கு ஏற்றப்பட்ட நீலக்கருமை மெருகு, தேய்ந்திருந்தாலும் பழையதாகவே இருக்க வேண்டும். புதிதாய்ப் பளபளக்கச் செய்தால் விலை கூடும் என்பது இத்துறையில் மிகக் கேடான நம்பிக்கை. மறுமெருகு ஏற்றிய லூகருக்கு அசலின் விலையில் ஏறத்தாழ பாதிதான் கிடைக்கும் என்பது சேகரிப்பாளர்களின் வாய்பாடு. மறுமெருகைக் கண்டுபிடிப்பது கடினமல்ல: மெருகுக்கு முன் தேய்த்ததால் முத்திரைகளின் விளிம்புகள் மழுங்கியிருக்கும். 1937-க்கு முற்பட்ட துப்பாக்கிகளில் விசை, பாதுகாப்பு நெம்புகோல் போன்ற சிறு உறுப்புகள் வைக்கோல் நிறத்தில் இருந்தன. அவையும் கருநீலமாக இருந்தால் பின்னாளில் யாரோ சாயத்தொட்டியில் முக்கியிருக்கிறார்கள். பாட்டனாரின் துப்பாக்கியை விற்பதற்கு முன் உப்புத்தாளால் தேய்த்துத் துரு நீக்கிய பேரன்கள், ஒரு மணி நேரத்தில் அதன் மதிப்பில் பெரும்பகுதியைத் துடைத்து எறிகிறார்கள்.

மூன்றாவதாக வருவதே அருமை. சிம்சன், கிரீக்ஹாஃப், கடற்படை வடிவம், பீரங்கிப்படை வடிவம் ஆகியவற்றுக்குத் தேவை அதிகம், டி.டபிள்யூ.எம். 1917 எங்கும் கிடைக்கும். வயதுக்கு இதில் நேரடிப் பங்கில்லை. 1935-இன் ஒரு கிரீக்ஹாஃப், 1917-இன் சாதாரணத் துப்பாக்கியை எளிதில் விஞ்சும்.

அருமைக்கு விலை இருப்பதால் போலியும் இருக்கிறது. சாதாரண லூகரில் எஸ்.எஸ். என்ற நாஜிக் கட்சிப் படையின் குறியைக் குத்துவதற்கு ஓர் உளியும் ஒரு மாலைப் பொழுதும் போதும். அதனால்தான் அனுபவமுள்ள சேகரிப்பாளர், கண்ணைக் கவரும் குறியைக் கண்டால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுகிறார். கறுப்பு விதவை என்று விற்கப்படும் வகையும் எச்சரிக்கைக்கு உரியது: 1941, 1942-இல் மவுசர் சிலவற்றுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் கைப்பிடி பொருத்தியது உண்மை, அந்தப் பெயரோ போருக்குப் பின் அமெரிக்க வணிகர் ஒருவர் சூட்டியது. ஜெர்மன் படையில் அப்படி ஒரு வகை இருந்ததே இல்லை.

குடும்பக் கதைகளுக்கும் இதே அளவுகோல்தான். தளபதி ஒருவரிடமிருந்து பறித்தது என்ற சொல்லுக்கு மட்டும் யாரும் பணம் தரமாட்டார்கள். ஆனால் அமெரிக்கப் படைவீரர்கள் ஆயுதத்தை வீட்டுக்குக் கொண்டுசெல்ல மேலதிகாரி கையெழுத்திட்டுத் தந்த சான்றில் இதே வரிசை எண் இருந்தால், அந்தத் தாளுக்கே தனி விலை உண்டு.

சுருக்கமாக: முதலில் எண்களின் பொருத்தம், பிறகு அசல் மெருகு, பிறகு வகையின் அருமை, பிறகு எழுத்துச் சான்று. ஆண்டு இந்த வரிசையில் தனியாக இடம்பெறுவதில்லை.

விலை என்று எதைச் சொல்கிறோம்?

விற்பவர் கேட்கும் தொகை விலை அல்ல. ஒரே வகையும் ஒரே நிலையும் உள்ள துப்பாக்கிகள் ஏலத்தில் உண்மையாக விற்ற தொகைகளைப் பார்த்தே மதிப்பைக் கணிக்க வேண்டும். அப்போதும் ஒன்றிரண்டு விற்பனைகளை மட்டும் நம்ப முடியாது. அமெரிக்கப் படையின் 1907-ஆம் ஆண்டுச் சோதனைக்காக, .45 அங்குலத் தோட்டா அளவில் மிகச் சில துப்பாக்கிகளை மட்டும் கியோர்க் லூகர் செய்தார். அவற்றில் ஒன்று 1989-இல் பத்து இலட்சம் டாலருக்கு விற்றதாகப் புகழ் பெற்றது. அதே துப்பாக்கி 2010-இல் ஏலத்துக்கு வந்தபோது ஏறத்தாழ ஐந்து இலட்சம் டாலருக்குத்தான் போயிற்று. துப்பாக்கியில் ஒரு முத்திரையும் மாறவில்லை. அன்று வாங்கத் துணிந்த ஆள் மாறியிருந்தார்.

கையில் எடுக்கும் முன்

பழமை என்ற சொல்லைச் சட்டம் தன் வழியில் பொருள்கொள்கிறது. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டவையே தொன்மைத் துப்பாக்கிகள். அந்தக் கணக்கில் தரைப்படை லூகர் ஒன்றுகூடச் சேராது. இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பழுது பார்த்தாலும் சுட இயலாத நிலையில் உள்ள பழம்பொருளுக்குத்தான் விலக்கு அளிக்கிறது. சுடும் நிலையில் உள்ள லூகர் எவ்வளவு பழையதாயினும் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விலை கேட்டு அலைவதற்கு முன் உரிமத்தின் நிலையைச் சரிபார்க்க வேண்டும்.

உரிமம் சரியாக இருந்தால், தோட்டா இல்லை என்பதை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரைக் கொண்டு உறுதிசெய்துகொண்டு, எதையும் கழற்றாமல், தேய்க்காமல், இரு பக்கங்களையும், மடிப்பிணைப்பின் மேற்பரப்பையும், தோட்டா அறையையும், சட்டகத்தின் முன்பகுதியையும், குழலின் அடியையும், தோட்டாக்கூட்டின் அடியையும் பகல் வெளிச்சத்தில் தனித்தனியாகப் படம் எடுக்கலாம். அந்தப் படங்களை, அதைத் தானே வாங்க விரும்பாத ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்டுவது நல்லது. வாங்க வந்தவர் சொல்லும் மதிப்பு அவருடைய பையைப் பொறுத்தது.